இடம் கிடைத்த பிறகு கேட்ட செபம்

வைகாசி மாதத்தில் வீடு வீடாகப் போய்ச் செபமாலை சொல்கிற நம் பங்கின் மக்களுக்கும், வேறெங்கோ இருந்து இதை வாசிக்கிற விசுவாசிகளுக்கும், உங்களில் ஒரு பிள்ளையாக இதை எழுதுகிறேன். சாட்சி சொல்ல வரும்படி பங்குச் சுவாமி கூப்பிட்டபோது, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். யாரோ எழுதிய வசனம் என்றால் மேடையில் நின்று சொல்லிவிடுவேன். சொந்தக் கதை என்றால் எனக்கு வாய் வராது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

கடந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை. பள்ளிக்கூடத்தால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பௌதிகவியல் இடைத்தவணைச் சோதனையின் புள்ளி தொலைபேசியில் வந்தது. முப்பத்தெட்டு. இங்கே அறுபது எடுத்தால்தான் பாடம் சித்தி. நான் இறங்க வேண்டிய தரிப்பு போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது. டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றுக்கு முன்னால் இறங்கி, கடைக்குள் போகவும் மனமில்லாமல், வீட்டுப் பக்கம் திரும்பவும் மனமில்லாமல் நின்றேன். பனி உருகி நடைபாதை முழுக்கச் சேறு. எனக்கு அழுகை வரவில்லை.

ஒரு பாடத்தில் ஒரு சோதனைதானே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஒரு பாடத்தின் மேல் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

கியூபெக்கில் உயர்பள்ளி முடித்ததும் நேரே பல்கலைக்கழகம் போக முடியாது. இடையில் சிஜெப் என்கிற கல்லூரியில் இரண்டு வருடம் படிக்க வேண்டும். மொத்தம் நாலு தவணை. பல்கலைக்கழகங்கள் நாலாம் தவணை முடியும்வரை காத்திருப்பதில்லை. முதல் மூன்று தவணைப் புள்ளிகளைப் பார்த்து, மாசி, பங்குனியிலேயே பலருக்கு இடம் தந்துவிடுகின்றன. எனக்கும் மாசியில் வந்தது. இயந்திரப் பொறியியல். நான் ஆசைப்பட்டுக் கேட்ட இடம். ஆனால் அது நிபந்தனையோடு வந்த இடம். கடைசித் தவணையிலும் எல்லாப் பாடமும் சித்தியடைய வேண்டும். கணிதமும் பௌதிகமும் பெரிதாக விழக்கூடாது. அந்தப் புள்ளிகள் கோடையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் இடம் உறுதியாகும். ஒரு பாடம் தவறினாலும் டிப்ளோமா இல்லை. டிப்ளோமா இல்லாவிட்டால் இடமும் இல்லை.

இதை வீட்டில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு பெரிது.

அப்பா மன்னார்க் கரையில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா எட்டாம் வகுப்பில் இருந்தபோது குடும்பம் இடம்பெயர்ந்தது. போன இடத்தில் பள்ளிக்கூடமே அகதி முகாமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான்தான். கார்ட்டியர்வில்லில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பாடம் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. பாடத்துக்காகச் செபிக்க இரண்டு பேர் இருந்தார்கள். அப்பா சென் லோரோனில் உறைந்த உணவுத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறார்.

ஊரில் நடப்பது அவர்களுக்குத் தெரியும். ஏ.எல். சோதனை எழுதுவார்கள், முடிவு வரும், வெட்டுப்புள்ளி வரும், பிறகு கம்பஸ். அங்கே எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் இடம். இடம் வந்துவிட்டது என்றால் எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே இடம் முதலில் வருகிறது, சோதனை பின்னால் வருகிறது. இது அவர்களுக்குப் புதினமாக இருந்தது.

எனக்கு இடம் கிடைத்தால் ஒரு செவ்வாய்க்கிழமை பூசை கொடுத்து அந்தோனியார் பெயரால் பாண் பகிர்வதாக அம்மா நேர்ந்திருந்தார். அந்த நேர்த்தியை உடனே செய்ய வேண்டும் என்றார்.

"அம்மா, இது இன்னும் முடியேல்லை. கோடைக்குத்தான் முடிவு தெரியும்."

"கடிதம் வந்ததோ இல்லையோ?"

"வந்தது. ஆனா நிபந்தனையோட."

அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிராமல் சொன்னார். "எல்லாக் கடிதத்திலையும் கீழ உப்பிடி ஏதாவது எழுதியிருப்பாங்கள். என்னை வேலைக்கு எடுக்கேக்கையும் மூண்டு மாசம் பாத்துப்போட்டுத்தான் எண்டு எழுதினவங்கள். இண்டைக்கும் அங்கதானே நிக்கிறன்."

"நேர்த்தியைப் பிந்தவிடக் கூடாது தம்பி," என்றார் அம்மா. "வாங்கிப்போட்டுக் குடுக்காமல் இருந்தால் அந்தோனியார் என்ன நினைப்பார்?"

மாசி முடிவதற்குள் நன்றிப் பூசை நடந்தது. பல்கலைக்கழகம் கிடைத்ததற்காக என்று பீடத்திலிருந்து என் பெயரை வாசித்தார்கள். அம்மா புதுச் சீலை கட்டிக்கொண்டு வாசலில் நின்று பாண் கொடுத்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாழ்த்தின ஒவ்வொருவரிடமும் நிபந்தனை என்று சொல்ல முடியுமா? நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

அன்றே சூசை மாமா என் தோளில் கையைப் போட்டார். நம் பங்கில் செபமாலையை நடத்துகிறவரும் அவர்தான். தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகக் காட்சியைப் பழக்குகிறவரும் அவர்தான்.

"இனி உனக்கென்ன வேலை? கம்பஸ் கிடைச்சிட்டுது. என்ரை பிலாத்து ரொறன்ரோவுக்கு வீடு மாறிப் போயிட்டான். நீதான் பிலாத்து."

"மாமா, எனக்குப் படிப்பு இருக்கு."

"டேய், மூண்டு காட்சிதான். இருந்த இடத்தில இருந்து தீர்ப்புச் சொல்லிப்போட்டுக் கையைக் கழுவுறது. உனக்கென்ன, சிலுவையே தூக்கச் சொன்னனான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம் ஆட்களிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. கோயில் வேலை என்றால் சொல்லவே வேண்டாம். தவக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடம் முடிந்ததும் நேரே கோயில் மண்டபம். யேசுவாக நடித்த அண்ணைக்கு வேலை மாறி மாறி வரும். அவர் வரும்வரை பிலாத்து காத்திருக்க வேண்டும். இதில் ஒருவர் மேலும் எனக்குக் குறை இல்லை. எனக்கு இடம் கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் என்னைக் கோயிலுக்குச் சொந்தமாக்கிவிட்டார்கள்.

பௌதிகச் சோதனை பெரிய கிழமைப் புதன்கிழமை வந்தது. மின்சாரமும் காந்தமும். வினாத்தாளைத் திறந்தேன். பிலாத்துவின் வசனம் எல்லாம் ஒரு சொல் தப்பாமல் ஞாபகம் இருந்தது. காந்தப்புலம் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் வரவில்லை. பெரிய வெள்ளியன்று காட்சி நன்றாகவே நடந்தது. கை கழுவின இடம் கண்ணுக்குள் நிற்கிறது தம்பி என்று ஒரு மாமி வந்து சொல்லிவிட்டுப் போனா. அதற்கு அடுத்த கிழமைதான் அந்த முப்பத்தெட்டு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மறைக்க எனக்குத் தெரியாது. அம்மா அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்துக் காலில், ஒன்று கையில்.

"அப்ப அந்த இடம்?"

"போனாலும் போகும் அம்மா."

கையில் இருந்த சப்பாத்தை நிலத்தில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நாங்கள் நன்றி சொல்லிப்போட்டம், தம்பி. பூசை குடுத்து, பாணும் குடுத்து முடிச்சாச்சு. இனி என்ன முகத்தோட போய் அவரிட்டக் கேக்கிறது?"

இதை வாசிக்கிற சிலருக்கு இது சிரிப்பாக இருக்கும். நேர்த்தி வைத்து வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. கேட்பது, பெறுவது, நன்றி சொல்வது என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. நன்றி சொன்ன காரியம் முடிந்த காரியம். அதை மறுபடி கொண்டுபோய் வைத்தால், தந்தது சரியில்லை என்று சொல்வது போல. அம்மாவுக்கு என் புள்ளியைவிட அதுதான் பாரமாக இருந்தது.

எங்கள் வீட்டில் மாலைச் செபம் உண்டு. அம்மாதான் கடைசியில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டுவார். ஊரில் இருக்கிற சித்தி, ஜெர்மனியில் இருக்கிற மாமா, அப்பாவின் முதுகு, பிறகு நான். அந்த நாட்களில் என் பெயர் வரும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார். ஒரு மூச்சு எடுப்பார். பிறகு நேரே உலக சமாதானத்துக்குப் போய்விடுவார். அப்பா கண்ணைத் திறந்து பார்ப்பார். மறுபடி மூடிக்கொள்வார்.

எனக்கும் செபம் வரவில்லை. முழந்தாளில் இருந்தால் வெறுமை. புத்தகத்தைத் திறந்தாலும் அதே வெறுமை. அந்தப் பாடம் முழுக்க ஒரு சுவர் போல நின்றது. எங்கே கை வைத்து ஏறுவது என்று தெரியவில்லை. கூடப் படிக்கிறவர்களில் பலருக்கு வீட்டிலேயே கேட்க ஆள் இருந்தது. தகப்பன் பொறியியலாளர், தமக்கை மருத்துவ மாணவி. நான் தனியே இருந்து அதே பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் காலை, பஸ்ஸில் இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வாய்க்குள்ளே சொன்னேன். ஆண்டவரே, எனக்கு என்ன கேட்கிறது என்றே தெரியவில்லை. இடத்தைக் காப்பாற்றித் தாரும் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. இதை யாரிடம் கேட்க வேண்டும் என்றாவது எனக்குக் காட்டும். அவ்வளவுதான் என் செபம். வெளிச்சமும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. மெட்ரோ நிலையம் வந்தது, இறங்கினேன். ஆனால் அந்தச் செபத்தை நான் மறக்கவில்லை. அதற்குக் கிடைத்த பதிலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வைகாசி பிறந்தது. மாதா சொரூபம் வீடு வீடாகப் போகத் தொடங்கியது. முதல் கிழமையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தது. சோபாவை அறைக்குள் தள்ளிவிட்டு, நிலத்தில் விரிப்புப் போட்டோம். அம்மா ரோல்ஸ் பொரித்தார். இருபது பேருக்கு மேல் வந்து நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

செபமாலை தொடங்க முன்னர் சூசை மாமா கருத்துகளைச் சொன்னார். நோயாளிகள், இறந்தவர்கள், வேலை தேடுகிறவர்கள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "இந்த வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைச்சதுக்கு மாதாவுக்கு நன்றியாக," என்றார்.

நான் பேசுவதாகவே இருக்கவில்லை. அம்மாவுக்கு வெட்கம் வரக் கூடாது, செபமாலை முடிந்ததும் அறைக்குள் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாய் திறந்தது.

"மாமா, அது இன்னும் முடியேல்லை."

"என்ன முடியேல்லை?"

"இடம் தந்தது நிபந்தனையோட. கடைசித் தவணைப் புள்ளியைப் பாத்துத்தான் உறுதி. பௌதிகம் இடைச் சோதனையில நான் சித்தியில்லை. கடைசிச் சோதனையிலையும் விட்டால் எல்லாம் போயிடும். நன்றியாகச் சொல்ல வேண்டாம் மாமா. வேண்டுதலாகச் சொல்லுங்கோ."

குசினியில் எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் இருந்த ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார். "அப்ப அண்டைக்கு நாங்கள் சாப்பிட்ட பாண்?"

"அது செமிச்சிட்டுது, விடுங்கோ," என்றார் அவர் மனைவி.

நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது. சூசை மாமா சிரிக்கவில்லை. செபமாலையைக் கையில் சுற்றினார். "உனக்குப் படிப்பு இருக்கெண்டு நீ அண்டைக்கே சொன்னனி. நான்தான் காதில விழுத்தேல்லை," என்றார். பிறகு கருத்தை மாற்றிச் சொன்னார். "இந்தப் பிள்ளைக்குக் கிடைச்ச இடம் நிலைக்க வேண்டும் எண்டு."

அம்மா குசினி வாசலில் நின்றார். தலை நிமிரவில்லை. நான் அவருக்கு அவமானம் தேடித் தந்துவிட்டேன் என்று நினைத்தேன். செபமாலை நடந்தது. பத்துப் பத்து மணியாகச் செபிப்பதில் நாலாவது பத்து மணியை வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அம்மா வந்து மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். வழக்கமாக வருகிற மூச்சு வந்தது. நான் காத்திருந்தேன். "என்ரை மகனுக்காக," என்று சொல்லி, பெயரையும் சொல்லித் தொடங்கினார். கிழமைக் கணக்கில் வராத பெயர். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஞாயிறு பூசையில் கண்டு மட்டுமே தெரிந்த மெரினா அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தா. அவ மட்டக்களப்புக் குடும்பம். லொங்குய்யில் இருக்கிறவ. ஆறு கடந்து எங்கள் பக்கத்துச் செபமாலைக்கு அவ வருவதே இல்லை. அன்றைக்குத் தாய்க்கு முழங்கால் நோ, பஸ் ஏற ஏலாது என்று காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிறா என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நீ டீச்சரிட்டப் போனியா?"

"எதுக்கு?"

"விளங்கேல்லை எண்டு சொல்ல."

"புள்ளி வந்திட்டுதே அக்கா. இனிப் போய் என்ன கேக்கிறது? வெக்கம்."

அவ தேநீரைக் கீழே வைத்தா. "இருபது பேருக்கு முன்னால மாதாவிட்டக் கேட்டாய். சம்பளம் வாங்கிக்கொண்டு உனக்காகக் கதவைத் திறந்து வச்சிருக்கிற மனிசியிட்டக் கேக்க வெக்கமோ? எனக்கும் இப்பிடித்தான், கணிதம். எங்கட அப்பாவும் சொன்னார், டீச்சருக்குக் கரைச்சல் குடுக்காதை எண்டு. இஞ்ச கரைச்சல் குடுக்கிற பிள்ளைதான் சித்தியடையுது."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது நான் எந்த ஆசிரியரின் அறைக் கதவையும் தட்டியதில்லை. ஆசிரியர் கூப்பிட்டால் போவது. நாங்களாகப் போனால் மரியாதை இல்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான். ஒருவரும் அதைச் சொல்லித் தரவில்லை. காற்றில் இருந்தது. புதன்கிழமைகளில் மாணவர்களுக்கான நேரம் என்று பௌதிக ஆசிரியையின் கதவில் எழுதியிருப்பதை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். அது மற்றப் பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

அடுத்த புதன் போனேன். பௌதிக ஆசிரியை நரைத்த முடியோடு பெரிய கண்ணாடி போட்ட கியூபெக் பெண்மணி. போன்ஜூர் என்று சொல்லி வாசலில் நின்றேன். என் பெயரை அவர் சரியாகச் சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை.

"உட்கார். உன் விடைத்தாளைத் திருத்தியபோது நீ வருவாய் என்று நினைத்தேன். வரவில்லை. உனக்கு உதவி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன்," என்று பிரெஞ்சில் சொன்னார்.

நான் என் நிலைமையைச் சொன்னேன். இடைச் சோதனைப் புள்ளியை மாற்ற முடியாது என்று நேரடியாகவே சொன்னார். ஆனால் கடைசிச் சோதனைக்கு அதைவிடப் பாரம் அதிகம். அதில் நன்றாகச் செய்தால் பாடம் சித்தியாகும். பிறகு என் விடைத்தாளை மேசையில் விரித்து, பென்சிலால் ஒரு இடத்தைத் தட்டினார்.

"சூத்திரம் எல்லாம் சரி. நாடகத்தில் வசனம் ஒப்புவிப்பது போல ஒப்புவித்திருக்கிறாய். ஆனால் ஒரு படம்கூட இல்லை. மின்னோட்டம் எந்தப் பக்கம், புலம் எந்தப் பக்கம், நீ எங்கே நின்று பார்க்கிறாய்? முதலில் படத்தை வரை. படம் இல்லாமல் இனி ஒரு வரியும் எழுதாதே."

நாடகம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் காது சூடாகியது.

அதன் பிறகு சோதனை வரும்வரை எங்கள் வீட்டில் வாழ்க்கை மாறியது. பங்குத் திருவிழா நிகழ்ச்சிக்கான ஒத்திகையில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று சூசை மாமா தானாகவே சொல்லிவிட்டார். மெரினா அக்கா தன் பழைய வினாத்தாள்களைத் தந்தா. மாலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "படம் கீறினியா? காட்டு," என்பா. வலது கையை விரித்துப் பெருவிரலை நீட்டிக்கொண்டு நான் அறைக்குள் நடப்பதை அப்பா வாசலில் நின்று பார்ப்பார்.

"இதென்ன, ஆசீர்வாதம் குடுத்துப் பழகிறியோ?"

"காந்தப்புலம் அப்பா."

"ம்ம். கையை நேராப் பிடி."

செபமாலைக்குப் போகாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாதாவிடம் கேட்டுவிட்டு மாதாவிடம் போகாமல் இருக்கலாமா? ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு வெளிக்கிட்டேன். அப்பா வேலையால் வந்து, முகத்தைக் கூடச் சரியாகக் கழுவாமல், ஜாக்கெட்டை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற கால்.

"நீ எங்க வெளிக்கிடுறாய்?"

"செபமாலைக்கு."

"நீ இஞ்ச இருந்து படி. உன்ரை பத்து மணியை நான் சொல்லுறன்."

சொன்னது அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டுப் போனார். அப்பா தனக்கு வருகிற பத்து மணியையே வாய்க்குள் முணுமுணுக்கிறவர். அன்றிலிருந்து மாதா போன ஒவ்வொரு வீட்டிலும் எனக்காகவும் ஒரு பத்து மணியைச் சத்தமாகச் சொன்னார் என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

சோதனை அன்று பயம் இருந்தது. ஆனால் தனிமை இல்லை. வினாத்தாளைத் திறந்து, எழுதாமல் முதலில் படம் வரைந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் படம். ஒரு கேள்வி முழுதாக வரவில்லை. அதையும் வரைந்துவிட்டு வந்தேன்.

ஆனியில் புள்ளி வந்தது. மொத்தமாக அறுபத்தாறு. பாடம் சித்தி. டிப்ளோமா கிடைத்தது. அம்மா உடனே மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். ஆனால் அதோடு முடியவில்லை. பௌதிகம் பெரிதாக விழக்கூடாது என்று நிபந்தனை இருந்ததே. முந்தின தவணைகளோடு பார்த்தால் அறுபத்தாறு விழுந்த புள்ளிதான். அதைப் பல்கலைக்கழகம் எப்படிப் பார்க்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இடத்தை எடுத்துவிட்டால் வேறு ஒரு பாடநெறிக்குப் போட வேண்டும், அல்லது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்குச் சமாதானம் இருந்தது. இடம் போனாலும் என்ன செய்வது, யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மாலைச் செபத்தில் சித்தியும், மாமாவும், அப்பாவின் முதுகும் முடிந்து, என் பெயர் ஒவ்வொரு நாளும் தவறாமல் வந்தது. இடம் வேண்டும் என்று அம்மா கேட்டார். நானும் கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டோம்.

ஆடி மாதம் ஒரு பின்னேரம், பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் நிபந்தனை என்ற சொல் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் உறுதி என்று இருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. பஸ் எடுத்து அப்பாவின் தொழிற்சாலைக்குப் போனேன். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு நடுவில் என்னைக் கண்டதும் அப்பாவின் முகம் மாறியது.

"என்ன, அம்மாவுக்கு ஏதும்?"

"இல்லை அப்பா. இடம் உறுதி."

அவர் உடனே சந்தோசப்படவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப முடிஞ்சுதோ, இல்லாட்டி இன்னும் ஏதும் கிடக்கோ?"

"முடிஞ்சுது."

"கீழ ஒண்டும் எழுதேல்லையே? வடிவாப் பார்."

தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். அவருக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. ஆனாலும் விரலால் திரையைத் தள்ளித் தள்ளி, அடிமட்டும் போய்ப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டார். அந்த வாகனத் தரிப்பிடத்தில், கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் அப்பா எனக்காக முதல் தடவையாகச் சத்தமாக அழுதார்.

படித்தாய், சித்தியடைந்தாய், இதில் செபம் எங்கே இருக்கிறது என்று கூடப் படிக்கும் ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. நான் அவனுக்குச் சொன்னது இதுதான். பேசக் கூடாது என்று முடிவெடுத்திருந்த என் வாய் அந்த மாலை தானாகத் திறந்தது. அதே மாலை, ஒருநாளும் வராத ஒருத்தி ஆறு கடந்து வந்து எங்கள் வீட்டு நிலத்தில் இருந்தா. யாரிடம் கேட்க வேண்டும் என்று காட்டும் என்றுதான் நான் பஸ்ஸில் கேட்டிருந்தேன். கேட்டதற்குச் சரியான பதில் வந்தது. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். பாடங்கள் இலகு இல்லை. ஆனால் ஆசிரியர்களின் கதவைத் தட்டுகிறேன். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மெரினா அக்காவும் நானும் மண்டபத்தில் ஒரு மேசையில் இருக்கிறோம். உயர்பள்ளிக் கடைசி வருடமும் சிஜெப் கடைசித் தவணையும் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள், தாய் தகப்பன்மாரும் வருகிறார்கள். மாசியில் வருகிற இடம் வைகாசிச் சோதனையின் மேல்தான் நிற்கிறது என்று அவர்களுக்குச் சொல்கிறோம். கடைசித் தவணையில் பிள்ளைக்குக் கோயில் வேலையானாலும் வீட்டு வேலையானாலும் குறைத்துக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்கிறோம். சூசை மாமா பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார். இந்த வருடம் பிலாத்து வேடத்துக்கு, வேலைக்குப் போகிற ஒரு அண்ணையைப் பிடித்திருக்கிறார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. நன்றி சொல்லி முடித்த காரியம் கைநழுவுகிறதே, இனி என்ன முகத்தோடு கேட்பது என்று உங்களில் யாராவது வாயடைத்து நிற்கலாம். பிள்ளையின் படிப்பாக இருக்கலாம், சுகமாகிவிட்டது என்று நினைத்த வருத்தம் திரும்பி வந்ததாக இருக்கலாம். மறுபடி போங்கள். ஆண்டவர் நேர்த்தியை எண்ணிக்கொண்டு இருக்கிறவர் இல்லை. பாதியில் நிற்கிறேன் என்று சொல்லுங்கள். பக்கத்தில் முழந்தாளில் இருக்கிறவருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.